வாசகர் கேள்வி–பதில்: துயரத்தைச் சொல்லும் இளையோர் நாவல்

சென்ற இதழில் பேட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' என்ற இளையோர் நாவலைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாவலைக் காரணமாக வைத்துக்கொண்டு, ஒரு சாவுக்குப் பிறகு வீட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசின. அவற்றுள் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற இதழைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கானர் 13 வயதுச் சிறுவன். அவனுடைய தாய் புற்றுநோயால் நலிந்துகொண்டே வருகிறாள். ஓர் இரவு 12:07 மணிக்கு, வீட்டுக்குப் பின்புறம் தெரியும் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் யூ என்ற பசுமை மாறாத மரம் பேருருவம் கொண்டு அவனுடைய ஜன்னலுக்கு வருகிறது. தான் மூன்று கதைகள் சொல்லப்போவதாகவும், நான்காவது கதையை அவனே சொல்ல வேண்டும் என்றும், அது அவன் மறைத்து வைத்திருக்கும் உண்மையாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்தக் கதையின் கருவை உருவாக்கியவர் ஷிவோன் டௌட் என்ற எழுத்தாளர். அவர் மார்பகப் புற்றுநோயால் 2007இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற கருவை வைத்து நெஸ் எழுதிய நாவல் 2011இல் வெளிவந்தது. கதைக்கும் ஜிம் கே வரைந்த கறுப்பு வெள்ளை ஓவியங்களுக்குமாக, பிரிட்டனில் சிறார் நூல்களின் எழுத்துக்குத் தரப்படும் கார்னகி பதக்கம், ஓவியத்துக்குத் தரப்படும் கேட் கிரீனவே பதக்கம் ஆகிய இரண்டையும் 2012இல் ஒருசேரப் பெற்ற நூல் இது.

கேள்வி: என் கணவர் இறந்து 8 மாதங்கள் ஆகின்றன. என்னுடைய 15 வயது மகள் இந்த நாவலைத் தோழியிடமிருந்து வாங்கி வந்து, இப்போது மூன்றாவது முறையாக வாசிக்கிறாள். அப்பாவைப் பற்றி என்னிடம் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஆனால் தோழிகளுடன் போனில் வாய்விட்டுச் சிரிக்கிறாள். புண்ணைத் தானே கீறிக்கொள்கிறாளா, அல்லது அப்பாவை மறந்துவிட்டாளா என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்து மறைத்து வைத்துவிடலாமா? — ஒரு தாய்

பதில்: வேண்டாம், அம்மா. அந்தப் புத்தகம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

நீங்கள் முரண்பாடாகப் பார்க்கும் இரண்டும், அதாவது மூன்றாம் முறை வாசிப்பதும் போனில் சிரிப்பதும், ஒரே துயரத்தின் இரண்டு பக்கங்கள்தாம். பெரியவர்களின் துக்கம் ஆற்றைக் கடப்பதைப் போன்றது என்றும், பிள்ளைகளின் துக்கம் மழைநீர்த் தேக்கங்களுக்குள் குதித்துக் குதித்து வெளியே வருவதைப் போன்றது என்றும், இழப்புக்கு ஆளான பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் சொல்வதுண்டு. அழுதுகொண்டிருந்த பிள்ளை அடுத்த நிமிடமே விளையாடப் போய்விடும். அது மறதி ஆகாது. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த கருத்தும் இதையொட்டியதுதான். துயரப்படும் மனம் சில நேரம் இழப்பின் பக்கம் திரும்புகிறது, சில நேரம் அன்றாட வாழ்வின் பக்கம் திரும்புகிறது, இப்படி மாறி மாறிப் போய்வருவதுதான் மனம் தன்னைத் தாங்கிக்கொள்ளும் வழி என்பது அவர்கள் சொன்னது. உங்கள் மகள் பகலில் தோழிகளோடு வாழ்வின் பக்கமும், இரவில் அந்தப் புத்தகத்தோடு இழப்பின் பக்கமும் போய்வருகிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால், ஏன் மூன்றாம் முறை? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். துயரத்தைச் சொல்லும் நல்ல நாவல் எதுவும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்வதை முதல் வேலையாக வைத்துக்கொள்வதில்லை. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு நினைப்பை, அந்தப் பிள்ளைக்கு முன்பாகத் தானே சொல்லிவிடுகிறது. கானர் மறைத்து வைத்திருக்கும் உண்மை என்ன? அம்மா பிழைக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்து ஆசைப்படும் அதே மனத்தின் ஒரு மூலையில், இந்தக் காத்திருப்பு எப்படியாவது முடிந்துபோகாதா என்றும் அவன் ஏங்கியிருக்கிறான். அப்படி ஏங்கியதற்காகத் தன்னை யாராவது தண்டிக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறான். பாட்டி வீட்டின் வரவேற்பறையை அடித்து நொறுக்கிவிட்டு நிற்கிறான்; யாரும் அவனைத் தண்டிக்கவில்லை. அப்படித் தண்டிக்காமல் விட்டதே அவனை மேலும் தனியனாக்குகிறது. கடைசியில் அந்த மரம் அவனிடம் சொல்வதன் சாரம் இதுதான்: மனத்தில் ஓடும் நினைப்புகள் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கலாம், அவற்றுக்காக யாரும் குற்றவாளி ஆவதில்லை, ஒருவர் என்ன செய்கிறார் என்பதே கணக்கில் வரும்.

உங்கள் கணவர் எப்படி இறந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. நோயில் கிடந்து இறந்திருந்தால், உங்கள் மகளுக்குள்ளும் அப்படியொரு நினைப்பு இருக்கலாம். திடீரென்று இறந்திருந்தால், வேறொன்று இருக்கலாம்: அன்று காலையில் அப்பாவோடு போட்ட சண்டை, எடுக்காமல் விட்ட ஒரு போன் அழைப்பு, "அப்புறம் வருகிறேன்" என்று தட்டிக்கழித்த ஒரு வார்த்தை. என் அக்கா இறந்தபோது எனக்கு 16 வயது. அவள் கேட்ட பேனாவைக் கொடுக்க மறுத்ததை நான் யாரிடமும் சொல்லாமல் பல ஆண்டுகள் சுமந்திருந்தேன். சொல்லக் கேட்டால் அற்பமாகத் தோன்றும். அந்த வயதில் அது அற்பமாக இருக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அவள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்த நாவலை நீங்களும் வாசியுங்கள். அவளுக்குத் தெரியாமல் அல்ல, தெரிந்தே. பிறகு, "அந்தப் பையன் பாட்டி வீட்டுச் சாமான்களை உடைக்கும் இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள். அவளுக்கு என்ன தோன்றியது என்று கேட்காதீர்கள். அம்மாவை மேலும் அழவைத்துவிடக் கூடாது என்பதற்காகவே தங்கள் அழுகையை ஒளித்துவைக்கும் பிள்ளைகள் ஏராளம். நீங்கள் அழுதும் உடைந்துபோகவில்லை என்பதை அவள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், தன்னுடைய அழுகைக்கும் இந்த வீட்டில் இடம் உண்டு என்று அவளுக்கு விளங்கும்.

மருத்துவ உதவி எப்போது வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீடித்த துயரம் என்பது இப்போது தனியொரு மனநலக் குறைபாடாக ஏற்கப்பட்டிருக்கிறது. 2022இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் திருத்தப்பட்ட பதிப்பு, பெரியவர்களுக்கு 12 மாதங்கள், பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 6 மாதங்கள் என்று காலக்கணக்கு வைக்கிறது. 8 மாதங்கள் ஆகிவிட்டனவே என்று பதறாதீர்கள். காலம் கடந்தால் மட்டும் அது நோயாகிவிடாது. ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் தாங்க முடியாத ஏக்கம், தன்னில் ஒரு பாதியே போய்விட்டது போன்ற உணர்வு, நண்பர்களோடும் படிப்போடும் ஒட்ட முடியாமை ஆகியவை சேர்ந்து வாழ்க்கையை முடக்க வேண்டும். தோழிகளோடு சிரிக்கும் பெண்ணிடம் அந்த முடக்கம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அவள் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தூக்கமே இல்லாமல் போனாலோ, தன்னை வருத்திக்கொண்டாலோ, "நானும் அப்பாவிடம் போய்விடுகிறேன்" என்ற பொருளில் ஒரு சொல் சொன்னாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: துயரத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகள் உண்டு என்று படித்திருக்கிறேன். இப்படிப்பட்ட நாவல்களை வகுப்பில் கற்பிக்கும்போது, கதாபாத்திரம் இந்த ஐந்து படிகளையும் எப்படிக் கடக்கிறது என்று மாணவர்களை எழுதச் சொல்லலாமா? — மொழியாசிரியர் ஒருவர்

பதில்: எழுதச் சொல்லாமல் இருப்பதே நல்லது. எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் எழுதிய நூலில் அந்த ஐந்து நிலைகளை விவரித்தது உண்மைதான். ஆனால் அவர் அங்கே பேசியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. உயிரோடு மிஞ்சியவர்களின் துக்கத்துக்கு அது பொருத்தப்பட்டது பிற்பாடுதான். எல்லாரும் அந்த வரிசையில்தான் துயரப்படுகிறார்கள் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவும் இல்லை.

வகுப்பில் இருக்கும் 40 பேரில் ஒருவருக்காவது வீட்டில் ஓர் இழப்பு இருக்கும். அந்த மாணவருக்குக் கோபம் வராமல் வெறுமை மட்டும் இருந்தால், தான் தப்பாகத் துக்கப்படுவதாக அவர் நினைத்துக்கொள்வார். அத்துடன் நாவலும் கெட்டுப்போகும். ஐந்து படிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நாவல்களை நான் வாசித்திருக்கிறேன். நான்காம் அத்தியாயத்தில் கோபம் வரப்போகிறது என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, கதாபாத்திரம் எந்த இடத்தில் உண்மையைச் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறது என்று தேடச் சொல்லுங்கள். மாணவர்கள் பக்கத்துக்குப் பக்கம் கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் விபத்தில் இறந்துவிட்டான். அதைக் கதையாக மாற்றி ஒரு நாவல் எழுத முயல்கிறேன். ஆனால் எழுதியதை வாசித்துப் பார்த்தால் எல்லாப் பக்கமும் அழுகையாக இருக்கிறது. எனக்கே அது பொய்யாகத் தோன்றுகிறது. இந்த வயதில் இதை எழுதலாமா? எப்படி எழுதுவது? — ஒரு மாணவி

பதில்: அன்பு மகளே, வயதைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடு. எஸ். இ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு 15 வயது. 1967இல் அது அச்சாகி வந்தபோது 18 வயது. இளையோர் நாவல் என்ற வகையே அதற்குப் பிறகுதான் வலுவாகக் காலூன்றியது. அதில் கதை சொல்லும் 14 வயதுப் பையன் பெற்றோரை விபத்தில் இழந்தவன். பிறகு அடுத்தடுத்து இரண்டு நண்பர்களையும் இழக்கிறான். அதன்பின் அவனுக்குப் படிப்பு ஓடவில்லை. நடந்ததையே மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறான். தேர்ச்சி பெறுவதற்காக ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறார். எதை எழுதுவது என்று தவித்து, கடைசியில் அவன் எழுதத் தொடங்கும் முதல் வாக்கியம்தான், நாம் வாசித்து முடித்த நாவலின் முதல் வாக்கியம். எழுத்து ஒரு பிள்ளையின் துயரத்துக்கு என்ன செய்யும் என்பதை இதைவிட நன்றாக அமைத்த வேறொரு நாவலை நான் அறியேன்.

இனி, எப்படி எழுதுவது என்ற கேள்வி. பதிலைத் தேடி நீ தொலைதூரம் போக வேண்டியதில்லை. தந்தையை இழந்த இரு பெண்பிள்ளைகள் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது; 112ஆம் பாட்டு, பாரியின் மகளிர் பாடியது. மொத்தம் ஐந்தே அடிகள். போன மாதத்து வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் மலையையும் யாரும் கொள்ளவில்லை. இந்த மாதத்து இதே வெண்ணிலவில் மலையையும் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. அவ்வளவுதான் சொல்கிறார்கள். அழுதோம் என்ற சொல் அதில் கிடையாது. துயரம் என்ற சொல்லும் கிடையாது. நிலவு மாறாமல் இருக்கிறது, அதனடியில் எல்லாம் மாறிவிட்டது. வாசிக்கிறவர் மனத்தை அந்த மாறாத நிலவுதான் அறுக்கிறது.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், நீ பெரிதாக எண்ணாமல் எழுதிய ஒரு செய்தி இருக்கிறது. அண்ணன் தேர்வுக்குப் படிப்பதற்காகத் தன் போனில் காலை 4:45க்கு அலாரம் வைத்திருந்தான் என்றும், அது இன்றும் தினமும் அடிக்கிறது என்றும், அம்மா ஒவ்வோர் இரவும் மறக்காமல் அந்தப் போனை சார்ஜில் போடுகிறார் என்றும், அடிக்கும்போது யாரும் எழுந்துபோய் அணைப்பதில்லை, அதுவாகவே ஓயும்வரை வீட்டில் எல்லாரும் விழித்தபடி படுத்திருக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். மகளே, உன் நாவல் அங்கே இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தை அப்படியே எழுது. யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள், ஓசை நின்றதும் முதலில் இருமியது யார், அப்பா எப்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார் என்பதை எழுது. "தாங்க முடியாத வேதனை" போன்ற சொற்கள் வந்து விழுந்தால் அடித்துவிடு.

இன்னும் இரண்டு யோசனைகள். அண்ணனை நல்லவனாக மட்டும் எழுதாதே. அவன் உன்னிடம் பொய் சொன்னது, உன் பொருளை எடுத்துத் தொலைத்தது, உன்னை நண்பர்கள் முன்னால் கேலி செய்தது எல்லாம் வரட்டும். குறையில்லாதவனாக எழுதப்பட்ட அண்ணனை வாசகரால் இழக்க முடியாது, ஏனென்றால் அப்படியொருவன் அவர்களுக்குக் கண்முன் வருவதே இல்லை. இரண்டாவதாக, இறந்த நாளை முதல் அத்தியாயத்திலேயே எழுதியாக வேண்டும் என்று உன்னை நீயே கட்டாயப்படுத்தாதே. கை நடுங்கினால் தள்ளிவை. எழுதும்போது இரவுகள் மிகவும் கனத்துப்போனால் எழுதுவதையும் நிறுத்தி, நீ நம்பும் பெரியவர் ஒருவரிடம் பேசு. நாவல் காத்திருக்கும்.

கேள்வி: இப்படிப்பட்ட நாவல்கள் பல, முடிவிலும் எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்வதில்லை. ஏற்கெனவே நொந்துபோன பிள்ளைக்கு நம்பிக்கையல்லவா தர வேண்டும்? — நூலகர் ஒருவர்

பதில்: நம்பிக்கை தேவை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "சரியாகிவிட்டது" என்ற முடிவு நம்பிக்கை தருவதில்லை. கடைசிப் பக்கத்தில் கதாநாயகன் தேறிவிடுகிறான், வாசிக்கும் பிள்ளை தேறவில்லை என்றால், அந்தப் பிள்ளை புத்தகத்தை மூடும்போது முன்பைவிடத் தனியாகத்தான் இருக்கும்.

கேத்தரின் பேட்டர்சன் 1977இல் எழுதிய 'பிரிட்ஜ் டு டெரபிதியா' உங்கள் நூலகத்தில் இருக்கக்கூடும். சற்று இளைய வாசகர்களுக்கானது. அவருடைய மகனின் 8 வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்ததை ஒட்டி எழுதப்பட்டது. நாவலின் நாயகனான ஜெஸ் என்ற சிறுவன், தன் தோழி லெஸ்லியை அழைக்காமல் தன் இசை ஆசிரியையுடன் ஒரு நாள் வெளியே போகிறான். அன்றைக்குத் தனியாக ஓடையைக் கடக்கப்போன லெஸ்லி, அவர்கள் பிடித்து ஆடிக் கடக்கும் கயிறு அறுந்து, விழுந்து இறந்துவிடுகிறாள். அழைத்திருந்தால் அவள் இருந்திருப்பாளே என்ற முள்ளை ஆசிரியர் எங்கும் பிடுங்கி எறிவதில்லை. ஜெஸ் கடைசியில் செய்வது, அந்த ஓடையின் மேல் பலகைகளால் ஒரு பாலம் போட்டு, இருவரும் சேர்ந்து கற்பனையில் கட்டிய நாட்டுக்குள் தன் தங்கையை அழைத்துச் செல்வதுதான். லெஸ்லியின் இடத்தை யாரும் நிரப்பவில்லை. ஆனால் அவள் கொடுத்தது அவனிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. சாவைப் பேசுகிறது என்பதும் அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் இந்நூல் எதிர்ப்புக்கு உள்ளானதன் காரணங்களில் ஒன்று. பிள்ளைகள் அதை வாசிப்பதை நிறுத்தவில்லை.

இறந்தவரிடமிருந்து மனத்தை விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்ற எண்ணம் ஃப்ராய்ட் 1917இல் எழுதிய கட்டுரையிலிருந்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. 1996இல் டென்னிஸ் கிளாஸ் முதலியோர் தொகுத்த ஆய்வுகளுக்குப் பிறகு, இறந்தவரோடு உறவு வேறொரு வடிவில் தொடர்வது இயல்பே என்ற பார்வை வலுப்பெற்றது. பேட்டர்சன் அதை ஒரு பலகைப் பாலத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கேள்வி: என் நண்பனின் அம்மா இறந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. அவனுக்கு 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நாவலைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா? — 10ஆம் வகுப்பு மாணவன்

பதில்: நல்ல மனம் உனக்கு, தம்பி. ஆனால் இப்போது வேண்டாம். முதல் வாரங்களில் கண் ஒரே வரியை நாலு முறை வாசிக்கும், மனத்தில் எதுவும் ஏறாது. இப்போது அவனுக்குத் தேவை புத்தகத்தைவிட நீதான். விடுபட்ட பாடக் குறிப்புகளை எழுதிக்கொண்டு போ. அவன் பேசாவிட்டால் நீயும் பேசாமல் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திரு. அவன் அம்மா உன்னிடம் சொன்ன ஏதாவது ஒரு வார்த்தை நினைவிருந்தால், அவரைப் பெயரும் உறவும் சொல்லித் தயங்காமல் குறிப்பிட்டு, அதை அவனிடம் சொல். எல்லாரும் அந்தப் பேச்சைத் தவிர்க்கும் வீட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

சில மாதங்கள் போகட்டும். அவன் அம்மா நீண்ட நாள் நோயில் இருந்தவர் என்றால் இந்த நாவல் அவனுக்குப் பொருந்தலாம். திடீர் மரணம் என்றால் வேறொன்றைத் தேடுவோம், எனக்கு மீண்டும் எழுது. கொடுக்கும்போது, இதில் ஒரு பையனின் அம்மா இறக்கப்போகிறாள் என்பதை முன்னதாகவே சொல்லிவிடு. பாதியில் அது அவன்மேல் வந்து விழக் கூடாது. பரிசுத் தாள் சுற்ற வேண்டாம். கொடுத்த பிறகு, வாசித்தாயா என்று மட்டும் கேட்காதே. அவன் அதை ஓர் ஆண்டு அலமாரியிலேயே வைத்திருந்தாலும் அது அவனுடையது.